சொந்தக் காரணங்களால்

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள்.

ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டியபடி அம்மா. அவளுக்கு வலப்பக்கம், வாசலைப் பார்த்த நாற்காலியில் சின்னவன். ஒரு காலில் ஷூ, மற்றது மடியில். அதன் லேஸில் விழுந்த முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தான். சுவரோரம் முக்காலியில் அவன் மனைவி, மடியில் கைப்பையோடு. பத்து மணிக்கு அவள் டி.டி.பி. கடையைத் திறந்தாக வேண்டும். அடுத்த தெருவில் குடியிருக்கும் இந்த இருவரையும் அம்மாதான் போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

அம்மாவுக்கு நேர் எதிரே பெரியவள்.

மீதி இருந்த நாற்காலியில், ஐந்தாவது ஆளாக, ஒரு செய்தித்தாள் விளம்பரம் உட்கார்ந்திருந்தது. அளவாக வெட்டி, அட்டையில் ஒட்டி, வலது மேல் மூலையில் தேதி போட்டிருந்தது.

தேதி போட்டவள் பெரியவள். அவள் கைக்கு வந்த எதுவும் தேதி வாங்காமல் போனதில்லை. பால் பாக்கெட்டுக்கும் உண்டு, மருந்துச் சீட்டுக்கும் உண்டு. லிஃப்ட் கம்பெனியின் புகார் பிரிவில் பதினோரு வருஷம். வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் வந்த தேதியைக் குத்தி, எண் போட்டு, ஏழு நாளுக்குள் பதில் எழுத வேண்டும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'தேதி முத்திரை'.

அந்த முத்திரைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து மூன்றாவது முறையாகப் புகார் வந்தது. லிஃப்ட் நிற்கும்போது உதறுகிறது, யாராவது வந்து பாருங்கள் என்று. அந்தக் கடிதம் மேலே போகாமல் இரண்டு நாள் அவளுடைய இழுப்பறையில் கிடந்தது. மூன்றாம் நாள் காலை லிஃப்ட் ஒரு மாடி உயரம் நழுவி இறங்கி, உள்ளே நின்ற பெண்ணின் கணுக்கால் உடைந்தது. விசாரிக்க வந்தவர்கள் இழுப்பறையைத் திறந்தார்கள். கடிதத்தின் தலையில், கோணாமல், பதினாலாம் தேதி.

"யார் சொல்லி உள்ளே வச்சீங்க?" என்று கேட்டார்கள்.

"யாரும் சொல்லலை" என்றாள்.

ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். பதினோரு வருஷத்துக்கு நாலு வரி.

சொன்னவன், அதே கம்பெனியில் லிஃப்ட் சர்வீஸ் பார்ப்பவன், இப்போது ஷூ லேஸின் முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மேசையில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அது தெரியும்.

*

"படி, கேக்கலாம்" என்றாள் அம்மா.

விளம்பரம் ஒரு மருத்துவமனையுடையது. நோயாளிகளின் புகார்களைக் கவனிக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேண்டும். பயோடேட்டாவுடன் ஒரே பக்கத்தில் கையெழுத்திட்ட கடிதம் தபாலில் வர வேண்டும். முந்தைய வேலையை விட்ட காரணத்தை 'உங்கள் சொந்த வார்த்தைகளில்' எழுத வேண்டும். திங்கட்கிழமை கடைசி. சனிக்கிழமைகளில் தபால் பையைப் பன்னிரண்டரைக்குக் கட்டிவிடுவார்கள்.

பெரியவள் தாளை எடுத்தாள். "'ஞாயிற்றுக்கிழமை வந்த உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். புகார் பிரிவுப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.'"

"இவ்வளவுதானா?" அம்மாவின் முகம் சுருங்கியது. "வணக்கம் காணோம், பணிவு காணோம். வீட்டு ஓனர் வாசல்ல நின்னு பேசற மாதிரி இருக்கு. எங்க காலத்துல 'தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது'ன்னுதான் ஆரம்பிப்போம்."

"தாழ்ந்தது போதும்மா. இருக்கிற இடமே தாழ்வாத்தான் இருக்கு."

"அக்கா, நான் நெட்ல ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், கேளு." சின்னவன் போனைத் தூக்கிப் பிடித்தான். "'நான் கடின உழைப்பாளி. நேர்மையானவள். அனைவருடனும் அனுசரித்துப் போகும் குணம் கொண்டவள்...'"

"வேலைக்கா, பொண்ணு பாக்கவா?"

முக்காலியில் இருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"நல்லாத்தானேக்கா இருக்கு?"

"உழைப்பாளின்னு நானே சொல்லிக்கிட்டா எவன்டா நம்புவான்? என்ன செஞ்சேன்னு நான் சொல்லணும். 'பரவால்லையே, உழைப்பாளி'ன்னு படிக்கிறவன் சொல்லிக்கணும்." அவள் அடுத்த பத்திக்குப் போனாள். "'பதினோரு ஆண்டில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் புகார்களுக்குப் பதில் எழுதினேன். நான் சேர்ந்தபோது ஒரு பதிலுக்கு இருபத்திரண்டு நாள் ஆனது. நான் விட்டபோது ஏழு நாள். கோபமாக இருப்பவர்கள் முதல் வரியில் திட்டுவார்கள், கடைசி வரியில்தான் குறையைச் சொல்வார்கள். நான் கடைசி வரியை முதலில் படிப்பேன்.'"

"அண்ணி, இது ரொம்ப நல்லா இருக்கு."

"நீ என்ன ஜட்ஜா?" என்றாள் அம்மா. "மேல படி."

பெரியவள் ஒரு மூச்சு விட்டாள். மூன்றாவது பத்தியை மட்டும் அவள் நேற்று ஏழு முறை எழுதியிருந்தாள்.

"'பதினாலாம் தேதி வந்த ஒரு புகார்க் கடிதத்தை இரண்டு நாள் இழுப்பறையில் வைத்திருந்தேன். வைத்திருக்கும்படி ஒருவர் கேட்டுக்கொண்டார். கேட்டது அவர், வைத்தது நான். ஒரு பெண்ணின் கணுக்கால் உடைந்தது. அதனால் வேலையை விட்டேன். இனி எந்தக் கடிதமும் என் மேசையில் இரவு தங்காது.'"

முடிச்சைப் பிரித்த விரல்கள் நின்றன.

ஃப்ரிட்ஜ் உறுமிவிட்டு அடங்கியது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"ஒருத்தர்னா யாரு, அண்ணி?" என்று கேட்டாள் சின்னவனின் மனைவி.

"ஆபீஸ்ல ஆயிரம் பேர் இருப்பாங்க." அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "மாடில துணி காயுது. உருவிட்டு வாம்மா. காத்து அடிக்குது."

"இப்பத்தானே அத்தை காயப் போட்டீங்க?"

"காஞ்சிருக்கும். போ."

அவள் போனாள். படியேறும் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும் வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"உனக்கு என்ன பைத்தியமாக்கா?" சின்னவனின் குரல் கிசுகிசுத்தது. "அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டும் எங்க சர்வீஸ்தான். அங்கேருந்து ஒரு போன் வந்தா போதும். யாருய்யா அந்த ஒருத்தர்னு தோண்டுவாங்க. ஒண்ணாந்தேதி சூப்பர்வைசர் லிஸ்ட் வருது. என் பேரு ரெண்டாவது."

"உன் பேரை நான் எழுதலையேடா."

"எழுதாம விட்டதைத்தான் எல்லாரும் முதல்ல படிப்பாங்க."

"பரவால்ல. என்கூட இருந்து ஒண்ணு கத்துக்கிட்ட."

அம்மா மேசைமேல் விரலால் ஒரு தட்டு தட்டினாள். "சொந்தக் காரணங்களால் விட்டேன்னு எழுது. முடிஞ்சது. உலகத்துல எல்லாரும் அதைத்தானே எழுதறாங்க."

"அதனாலதாம்மா வேண்டாங்கறேன். நூறு கடிதம் வந்தா தொண்ணூத்தொம்பதுல அந்த வரி இருக்கும். படிக்கிறவங்க கண்ணு அங்க நிக்காது. வழுக்கிக்கிட்டுப் போயிடும்."

"வழுக்கட்டும்னுதான் சொல்றேன்."

"என் கடிதமே வழுக்கிடும்மா. குப்பைக்கு. எனக்கு நாப்பத்திரண்டு வயசு. இதைவிட்டா இந்த வேலைக்கு இன்னொரு விளம்பரம் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்."

"உனக்கென்ன, ஒண்டிக்கட்டை. ஒரு வாய், ஒரு வயிறு. இது இல்லேன்னா இன்னொண்ணு. அவன் குடும்பஸ்தன்."

"அப்ப நான் யாரு குடும்பம்மா?"

"ஏட்டிக்குப் போட்டி பேசாத. கூடப் பொறந்தவன். தான் ஆடாட்டியும் தன் தசை ஆடும்பாங்க. உனக்கு ஆடலியே."

"ஆடிச்சும்மா. ரெண்டு நாள் ஆடிச்சு. அதான் இங்க உக்காந்திருக்கேன்."

சின்னவன் ஷூவைத் தரையில் வைத்தான். "ரெண்டே ரெண்டு நாள்தானேக்கா கேட்டேன்? லிஃப்ட்டை நானா தள்ளிவிட்டேன்? காய்ச்சல்ல கண்ணைத் திறக்க முடியல. போய்ப் பாக்காமலே சர்வீஸ் ஷீட்ல கையெழுத்துப் போட்டுட்டேன், தப்புதான். எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் பாத்துடறேன்னுதானே சொன்னேன்."

"சொன்ன."

"அப்பறம் என்ன?"

அப்புறம் ஒன்றுமில்லை. பெரியவள் ஸ்கேலை எடுத்தாள். மூன்றாவது பத்தியின் ஒவ்வொரு வரிமேலும் ஸ்கேலை வைத்து, ஒரே அழுத்தத்தில், ஒரு கோடு. அடித்துத் திருத்துவதிலும் அவளிடம் ஒரு ஒழுங்கு உண்டு. ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்: சொந்தக் காரணங்களால் வேலையை விட்டேன்.

"இப்பதான் கடிதம் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. "அத்தை, எல்லாம் சொட்டச் சொட்ட ஈரமா இருக்கு."

"அப்ப விடு. காயட்டும்."

*

டி.டி.பி. கடை ஆறடிக்குப் பத்தடி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கண்ணாடித் தடுப்பில் 'கடன் சொல்லாதீர்' என்ற பலகைக்குப் பக்கத்தில் 'தவறுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று இன்னொரு பலகை. சின்னவனின் மனைவி விரலைப் பார்க்காமல் அடிப்பவள். விண்ணப்பங்கள், வாடகை ஒப்பந்தங்கள், காணாமல் போன நாய்க்கு அறிவிப்பு, எல்லாம் ஒரே வேகம்.

அன்று வாடிக்கையாளர் கூட்டம். பெரியவளின் முறை வந்தபோது பதினொன்றே முக்கால்.

இரண்டு பத்திகளைத் தட்டி முடித்தாள். மூன்றாவதில் விரல்கள் நின்றன. ஸ்கேல் வைத்து அடித்த கோடு மெல்லியது. அடியில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படிக்க முடிந்தது.

"பதினாலுன்னா... வியாழக்கிழமைதானே, அண்ணி?"

"ஆமா."

"வியாழன், வெள்ளி. ரெண்டு நாள்."

"அடிச்சதையெல்லாம் படிக்காதம்மா. ஓரத்துல இருக்கிறதை அடி."

அவள் அடிக்கவில்லை. போனை எடுத்தாள். எதையோ தேடி, கண்ணாடித் தடுப்பின்மேல் வைத்து நகர்த்தினாள்.

படத்தில் கடல் இருந்தது. பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சின்னவன் அலைக்குள் நின்றிருந்தான். கையில் கோன் ஐஸ். வாயெல்லாம் பல்.

"பதினாலு எனக்குப் பொறந்த நாள்" என்றாள் அவள். "வேலையெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டேன், கம்பெனியே லீவு குடுத்திருக்குன்னாரு. முதல் தடவையா வெளியூர் கூட்டிக்கிட்டுப் போறாரேன்னு நானும் குதிச்சுக்கிட்டுப் போனேன். அத்தைதான் வழில கொறிக்க பிஸ்கட் கட்டிக் குடுத்தாங்க."

பெரியவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நினைவுக்கு வந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு ஃப்ளாஸ்கில் வெந்நீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு தம்பியைப் பார்க்கக் கிளம்பினாள். அம்மாதான் வாசலில் மறித்தாள். 'இப்பத்தான் பாத்துட்டு வரேன். அசந்து தூங்கறான். போய்த் தொந்தரவு பண்ணாத.'

ஃப்ளாஸ்க்கை அம்மாவே வாங்கி உள்ளே வைத்தாள்.

"ஒருத்தர்னு எழுதியிருக்கீங்களே, அண்ணி. அது அவருதானா?"

பெரியவள் போனைக் கண்ணாடித் தடுப்பின்மேல் கவிழ்த்து வைத்தாள். 

"எனக்குப் புரிஞ்சிடுச்சு. விடுங்க. அந்தக் கால் உடைஞ்ச பொம்பளைக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"என் வயசு."

வாசலில் ஒருவன், "அக்கா, ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ்" என்று அட்டையை நீட்டினான். அவள் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஓரத்து வரியைப் பார்த்தாள். அடித்தாள். வழக்கமான வேகம்.

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. மணி பன்னிரண்டு ஐந்து.

ஒன்பதாயிரம் கடிதங்களையும் மும்மூன்று முறை படித்துவிட்டே அனுப்பியவள், தன்னுடைய கடிதத்தைப் படிக்கவில்லை. அந்த மூன்றாவது பத்தி கண்ணில் பட்டுவிடுமோ என்று கூசியது. அடியில் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். மடித்து, பயோடேட்டாவோடு உறைக்குள் வைத்தாள்.

"ஓடுங்க அண்ணி, பையைக் கட்டிடுவாங்க."

*

தபால் நிலையத்தில் ஒரே கவுன்டர்தான் திறந்திருந்தது. உள்ளே மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்ட ஒருவர், முன்னால் பசை டப்பா, முத்திரைக் கட்டை, வாய் திறந்த சாக்குப் பை.

உறையை வாங்கி முகவரியைப் பார்த்ததும் சிரித்தார். "ஆஸ்பத்திரி வேலையா? காலைலேருந்து இது இருபத்தாறாவது கவர். விளம்பர எண் உள்ள எழுதினீங்களா? இப்ப ஒரு அம்மா மறந்துட்டு, ஒட்டினதைப் பிரிச்சுக் கொடுங்கன்னு ஒரே அழுகை."

எழுதவில்லை. அவள் வாழ்க்கையில் எண் போட மறந்த முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். இன்னும் ஒட்டாத உறையைத் திரும்ப வாங்கி, நூல் கட்டிய பேனாவை இழுத்து, தாளைப் பிரித்து மேடைமேல் வைத்தாள்.

கண் வழுக்கவில்லை. நேராக மூன்றாவது பத்தியில் போய் நின்றது.

சொந்தக்காரர்களால் வேலையை விட்டேன்.

திரும்பவும் படித்தாள். மூன்றாவது முறையும் படித்தாள்.

"சீக்கிரம்மா. பத்து நிமிஷம்தான்."

போனை எடுத்தாள். ஒரே மணியில் எடுத்தாள் சின்னவனின் மனைவி.

"மூணாவது பத்தில ஒரு வார்த்தை தப்பா விழுந்திருக்கு."

"அப்படியா? வாசிங்க, அண்ணி."

குரலைத் தாழ்த்தி வாசித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

மறுமுனையில் கடகடவென்று ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு மாட்டும் சத்தம்.

"இதுல எது தப்பு, அண்ணி?"

பெரியவள் அந்த வார்த்தையை மறுபடி பார்த்தாள். ஒருமையில்கூட அடிக்கவில்லையே என்று மட்டும் தோன்றியது. தம்பியோடு, பிஸ்கட் கட்டிக் கொடுத்து ஃப்ளாஸ்க்கை வாங்கி வைத்த அம்மாவையும் சேர்த்த பன்மை.

"தெரிஞ்சு அடிச்சியா, தெரியாம அடிச்சியா?"

"சனிக்கிழமை மத்தியானம் அவரு அத்தை வீட்டுலதான் சாப்பிடுவாரு. நான் இப்ப அங்கதான் போறேன். நீங்க மெதுவா வாங்க."

"இரு, நானும் வரேன். தனியாப் போகாத."

"தனியா இல்ல. போன் இருக்கு, போன்ல போட்டோ இருக்கு." இணைப்பு அறுந்தது.

கையில் பேனா இருந்தது. கடைக்குத் திரும்பி ஓட நேரமில்லை, ஓடினாலும் பூட்டுதான் இருக்கும். ஆனால் திருத்துவது பெரிய காரியமில்லை. 'ர்'மேல் ஒரு கோடு, மேலே இரண்டு எழுத்து. அடித்துத் திருத்திய விண்ணப்பம் கொஞ்சம் அசிங்கம்தான், ஆனால் சின்னவனின் பெயர் பட்டியலில் இரண்டாவதாகவே இருக்கும். அம்மா அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருப்பாள். மருத்துவமனையில் ஒருத்தி தொண்ணூற்றொன்பதோடு இதையும் சேர்த்து நூறாக்கிவிட்டு அடுத்த கடிதக் கட்டை எடுப்பாள்.

திருத்தாவிட்டால் அந்த ஒருத்தி இந்த வரியில் நிற்பாள். நின்று, இதென்ன என்று கேட்பாள். கேட்டால் ஒரு போன் போகும். அந்த போன் எங்கே போய் முடியும் என்று பெரியவளுக்குத் தெரியும். தனக்கு வேலை கிடைக்குமா என்று மட்டும் தெரியாது.

விளம்பரம் சொந்த வார்த்தைகளைக் கேட்டிருந்தது. அடித்தது இன்னொருத்தி. வார்த்தை மட்டும் சொந்தமாகவே இருந்தது.

"அம்மா, பையைக் கட்டப் போறேன்."

பெரியவள் தாளின் தலையில் விளம்பர எண்ணை எழுதினாள். ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக, தெளிவாக. பேனாவை அதன் இடத்தில் வைத்தாள்.

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் தள்ளினாள். பசையை ஓரம் முழுக்க, ஒரு இடம் விடாமல் தடவினாள். கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்திக்கொண்டே போனாள். அழுத்தி முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

கவுன்டர்காரர்தான் உறையை அவள் விரலுக்கு அடியிலிருந்து மெல்ல உருவினார்.

முத்திரைக் கட்டை மையில் ஒருமுறை, உறையில் ஒருமுறை விழுந்தது. அவசரத்தில் கொஞ்சம் கோணல். தேதி மட்டும் தெளிவாக இருந்தது.

இருபத்தாறாவது உறை பைக்குள் விழுந்தது. அவர் பையின் வாயைத் திருகி, கயிற்றைச் சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டார்.